மெடலுக்குக் கூலி போட்டீர்களா?

கேள்வி: நான் குரோம்பேட்டையில் இருக்கிறேன். முன்பு பிளே ஸ்கூலில் டீச்சராக இருந்தேன். மூன்று வருடமாக வீட்டிலிருந்தே மழலையர் பள்ளிகளின் ஸ்போர்ட்ஸ் டேவுக்கு ஃபோம் ஷீட் மெடல், முயல், சிங்கம் போட்ட ஹெட்பேண்ட், டிரில்லுக்கு பாம்பாம், தோரணம் எல்லாம் கையால் செய்து கொடுக்கிறேன். மாமியாரும் நாத்தனாரும் உதவுகிறார்கள். போன சீசனில் ஆறு பள்ளி. 120 குழந்தைகள் உள்ள ஒரு பள்ளிக்கு 10,000 ரூபாய் வாங்குகிறேன், சாமான் 6,400 ஆகிறது. நவம்பரில் சாமான் வாங்க அடகுக் கடையில் 2 வட்டிக்கு நகை வைத்து 40,000 வாங்கினேன். பள்ளிகள் பணத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்ததால் வீட்டுச் செலவில் கரைந்துவிட்டது. எட்டு மாதமாகியும் நகையை மீட்கவில்லை. ஒரு பள்ளி இன்னும் 6,000 பாக்கி. இப்போது முத்ரா கடன் வாங்கி 38,000 ரூபாய்க்கு ஒரு கட்டிங் மெஷின் வாங்கலாமா? கணவர் தொழிலையே விடச் சொல்கிறார்.

பதில்: மெஷின் இப்போது வேண்டாம். தொழிலை விடவும் வேண்டாம். விலையைத்தான் மாற்ற வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று இரவு வீட்டில் நானே ஒரு மெடல் செய்து பார்த்தேன். டம்ளரைக் கவிழ்த்துத் தங்க நிற ஃபோம் ஷீட்டில் வட்டம் போட்டு வெட்டினேன். நடுவில் வெள்ளை வட்டம் ஒட்டி, ‘1’ எழுதி, சாட்டின் ரிப்பனை அளந்து, முனை பிரியாமல் மெழுகுவர்த்தியில் காட்டி, குளூ கன்னால் ஒட்டினேன். கட்டை விரலும் கொஞ்சம் சுட்டுக்கொண்டது. மொத்தம் பதினோரு நிமிடம். அதில் வெட்டியது இரண்டு நிமிடம்கூட இல்லை. உங்கள் கை என்னைவிட வேகம்தான், ஆனால் இந்த விகிதம் பெரிதாக மாறாது. நீங்கள் கேட்கும் மெஷின் வெட்டும், ரிப்பன் கட்டாது. மொத்தமாக வட்டம் வேண்டுமென்றால் லேசர் கட்டிங் கடையில் ஜாப் ஒர்க்காகக் கொடுங்கள். வருடத்தில் மூன்று மாதம் ஓடுவதற்காக மெஷினுக்குப் பன்னிரண்டு மாதம் தவணை கட்ட வேண்டாம். முத்ராவின் சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடில்லாமல் கிடைக்கும் என்பது உண்மை. கிடைக்கிறது என்பதற்காக வாங்கினால் அதுவும் கடன்தான்.

சரி, விலைக்கு வருவோம். ஒரு ஆர்டருக்கு 3,600 நிற்கிறது என்று நினைக்கிறீர்கள். சாமான் வாங்கப் பாரிமுனைக்கு ரயிலில் போகிறீர்கள், ஆனால் மூட்டைகளோடு திரும்பி வருவது ஆட்டோவில்தானே? அதற்கும் பசைக் குச்சிக்கும் 600 வைத்தால் 3,000. நீங்கள் ஒன்பது நாள், நாளைக்கு ஆறு மணி நேரம் உட்காருவதாக வைப்போம், அது 54. மாமியாரும் நாத்தனாரும் ஆளுக்கு 20 என்று வைத்தால் மொத்தம் 94 மணி நேரம். ஒரு மணிக்கு 32 ரூபாய்கூட வரவில்லை. எட்டு மணி நேரத்துக்கு 255 ரூபாய். 2025-26ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலியே 336.

இன்னும் கேளுங்கள். ஆறு ஆர்டரில் 18,000. அடகு வட்டி மாதம் 800 வீதம் எட்டு மாதத்தில் 6,400. வராத பாக்கி 6,000. மிஞ்சியது 5,600. மூன்று பெண்கள் 564 மணி நேரம் குனிந்து செய்த வேலைக்கு மணிக்குப் பத்து ரூபாய்! உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இந்த வருடம் இப்படிப் போடுங்கள். சாமானும் வண்டியும் 7,000. கூலி மணிக்கு 60 வீதம் 5,640. மாமியாருக்கு எதற்குக் கூலி என்று கேட்காதீர்கள்; அவருக்கு உடம்பு முடியாத வாரத்தில் வெளி ஆளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். சேதாரம், போன், பள்ளிக்கு இரண்டு மூன்று நடை, அப்புறம் கொஞ்சம் லாபம், எல்லாம் சேர்த்து 1,760. மொத்தம் 14,400. இதை மொத்தத் தொகையாகச் சொன்னால் கரஸ்பாண்டென்ட் முகம் சுளிப்பார். ‘ஒரு குழந்தைக்கு 120 ரூபாய்’ என்று சொல்லுங்கள். ஸ்போர்ட்ஸ் டேவுக்குப் பெற்றோரிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் பள்ளிகளுக்கு அந்தக் கணக்கு உடனே புரியும். ஆறில் இரண்டு பள்ளி விலகிப் போகலாம், போகட்டும்.

பாதிப் பணம் முன்பணம். பாதி என்றால் 7,200. சாமான் செலவு முழுதும் அதிலேயே அடங்கிவிடும், நகை பீரோவிலேயே இருக்கும். மீதியைச் சாமான் ஒப்படைக்கும்போதே வாங்குங்கள். விழா முடிந்துவிட்டால் மெடல் குழந்தை வீட்டுச் சுவரில் தொங்கும், உங்கள் பில் மேஜை டிராயரில் தூங்கும்.

மழையைப் பற்றியும் எழுதி வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பள்ளிகளோ டிசம்பரில் தேதி வைத்துவிட்டுத் தள்ளிப்போடும். தேதி தள்ளினாலும் பணம் தள்ளாது என்று ஒரு வரி போதும். கிரேப் பேப்பர் பாம்பாமை டிசம்பருக்குக் கொடுக்காதீர்கள். ஈரம் பட்டால் சாயம் இறங்கி வெள்ளை யூனிஃபார்மில் ஏறும், அந்தச் சண்டை உங்கள் மேல்தான் விழும். பேட்ஜுக்கு ஊக்கு வேண்டாம், எலாஸ்டிக் வையுங்கள். எல்.கே.ஜி. பிள்ளை முதலில் கடித்துத்தான் பார்க்கும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் பொருட்படுத்தாமல் விட்ட ஒன்று தோரணம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பொருட்களில் கொடியும் உண்டு, அதனால் பிளாஸ்டிக் தோரணம் வேண்டாம். பேப்பரில் செய்தால் ஒரு விழாவோடு கிழிந்துவிடும். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு ஹவுஸ் நிறத்திலும் துணித் தோரணம் தைத்து வாடகைக்கு விடுங்கள். தைக்க 2,400 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு விழாவுக்கு 1,200 வாடகை என்றால் இரண்டு பள்ளியிலேயே போட்ட முதல் வந்துவிடும். மூன்றாவது பள்ளியிலிருந்து துவைக்கிற செலவு மட்டும்தான். வெற்றி மேடைக்கும் இதே வழி. இவற்றில் மட்டும் கிழிசலுக்கு ஒரு டெபாசிட் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றிப் பயம் வேண்டாம். மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. தோரண வாடகையும் சேர்ந்தால் அது சேவை, வரம்பு 20 லட்சம்; நீங்கள் அதற்கும் வெகு கீழே. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு மட்டும் செய்துவிடுங்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் இலவசம், யாருக்கும் கட்டணம் கொடுக்காதீர்கள். சிறு தொழில் சட்டப்படி, பதிவு உள்ளவரிடம் பொருள் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டியும் உண்டு. 6,000 ரூபாய்க்காக நீங்கள் புகார் எழுதப் போவதில்லை என்று தெரியும். பில்லில் உத்யம் எண் இருந்தால் அக்கவுண்டன்ட் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

முதல் வேலை அடகு. 2 வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். நகையை வங்கி நகைக்கடனுக்கு மாற்றுங்கள். 10 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 333 ரூபாய்தான் வட்டி. மீட்க முழுப் பணமும் ஒரே நாளில் வேண்டுமே என்றால், உறவில் யாரிடமாவது இரண்டு நாள் கைமாற்று வாங்கி மீட்டு, அன்றே வங்கியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அந்தப் பாக்கிப் பள்ளிக்கு நேரில் போங்கள், போனில் வேண்டாம். காலையில் பிள்ளைகளை விட வரும் பெற்றோர் நிற்கிற நேரமாகப் போனால் நல்லது. 6,000 கைக்கு வந்த அன்றே வங்கிக் கடனில் கட்டிவிடுங்கள்.