ஸ்விட்ச் லாகில் மார்ச் 1 எப்படி வந்தது?

சிஸ்கோ ஐஓஎஸ் மென்பொருளில் ஓடும் ரவுட்டர், ஸ்விட்ச்களில் லாக் (நடந்ததை நேரத்தோடு பதியும் செய்திகள்) பார்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் அடிக்கும்போது ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

கேள்வி: ராத்திரி 2 மணிக்கு அப்லிங்க் (மேல் நெட்வொர்க்கோடு இணைக்கும் லிங்க்) போய் வந்திருக்கிறது சார். காலையில் 'ஷோ லாகிங்' போட்டால் எல்லா வரியிலும் '*மார்ச் 1' என்று இருக்கிறது. ஸ்விட்ச் கெட்டுப்போச்சா?

பதில்: கெடவில்லை, அதற்கு மணி தெரியவில்லை, அவ்வளவுதான். பேட்டரிக் கடிகாரம் இல்லாத பல மாடல்கள் கரண்ட் போய் வந்ததும் 1993 மார்ச் 1 நள்ளிரவிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். தேதிக்கு முன்னால் நிற்கும் நட்சத்திரக் குறிக்கு 'இந்த நேரத்தை நம்பாதே' என்று அர்த்தம். அந்த இடத்தில் புள்ளி இருந்தால், முன்பு என்டிபியோடு (நெட்வொர்க் வழியே நேரம் தரும் முறை) ஒத்துப்போயிருந்த கடிகாரம் இப்போது தொடர்பை இழந்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய வரிகளில் முதல் அப்டவுன் செய்தி (லிங்க் எழுந்ததை, விழுந்ததைச் சொல்வது) 00:00:40. காலை 9:10க்கு 'ஷோ கிளாக்' 07:10 காட்டியது என்கிறீர்கள். வித்தியாசம் 2 மணி நேரம். அதைக் கூட்டினால் அந்த முதல் வரி விடிகாலை 2:00:40. அப்படியென்றால் லிங்க் மட்டும் போகவில்லை, ஸ்விட்ச்சே அணைந்து எழுந்திருக்கிறது! 'ஷோ வெர்ஷன்' போட்டு அப்டைம் (எழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று) பாருங்கள், ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல் காட்டும். கேபிளை விட்டுவிட்டு யுபிஎஸ்ஸைத் தேடுங்கள்.

அப்புறம் லாகில் சரியான நேரம் வர 'என்டிபி சர்வர்' முகவரி, 'கிளாக் டைம்ஸோன் ஐஎஸ்டி 5 30', 'சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம் எம்செக் லோக்கல்டைம்' மூன்றையும் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

கேள்வி: சரி, அணைவதற்கு முந்தைய லாக் எங்கே?

பதில்: போயே போச்சு. லாக்கைத் தேக்கி வைக்கும் பஃபர் இருப்பது ரேமில், கரண்ட் போனால் அழிந்துவிடும். ரேம் போகாவிட்டாலும் இடம் நிறைந்ததும் பழைய வரி மேலேயே புதியது எழுதப்படும். பல மாடல்களில் சொல்லாமல் விட்டால் 4096 பைட்தான். வரிக்கு நூறு எழுத்து என்றால் நாற்பது வரி. 'லாகிங் பஃபர்ட் 64000' என்று கூட்டுங்கள். மாற்றும்போது இருப்பது அழியலாம், முதலில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்துவிடுங்கள்.

'லாகிங் ஹோஸ்ட்' போட்டு வெளியே ஒரு சிஸ்லாக் சர்வருக்கும் (லாக்கைச் சேர்த்து வைக்கும் கணினி) அனுப்புங்கள். வழக்கமாக யுடிபி போர்ட் 514இல் போகும். போய்ச் சேர்ந்ததா என்று ஸ்விட்ச் கேட்காது. அப்லிங்க் விழுந்த செய்தி அதே அப்லிங்க் வழியாகத்தானே போக வேண்டும்? அதனால் சர்வர் இருந்தாலும் பஃபரைக் கைவிடாதீர்கள்.

கேள்வி: முக்கியமானது மட்டும் வரட்டும் என்று 'லாகிங் ட்ராப் 7' போட்டேன் அண்ணா. சர்வரில் வெள்ளம்!

பதில்: அந்த எண் செய்தியின் அவசர அளவு, அது தலைகீழ் தம்பி. 0தான் தலை போகிற காரியம், 7 டீபக் (பழுது தேடும்போது கொட்டும் நுணுக்க விவரம்). எந்த எண் கொடுத்தாலும் அதுவும் அதற்குக் கீழ் உள்ளவையும் வரும். 'லிங்க்-3-அப்டவுன்' என்பதில் நடுவே இருக்கும் 3 இந்த எண்தான். ரொம்பவும் இறக்கி 4 வைத்தால் 'சிஸ்-5-கான்ஃபிக்_ஐ' வராது. யார் கான்ஃபிக் மோடில் (அமைப்பை மாற்றும் நிலை) போய் வந்தார் என்பதைச் சொல்லும் வரி அது. நான் 6லேயே விடுவேன்.

கேள்வி: கன்சோலில் (நேரடி கேபிள் இணைப்பு) டைப் அடிக்கும்போது லாக் குறுக்கே விழுகிறது.

பதில்: 'லைன் கன்சோல் 0' உள்ளே 'லாகிங் சிங்க்ரனஸ்'. ஆனால் கன்சோல் 9600 பாட், நொடிக்குச் சுமார் 960 எழுத்து, அதாவது பத்து வரிதான் தாங்கும். ஒருமுறை இதை மறந்து டீபக் போட்டு, அதை நிறுத்தும் 'யு ஆல்' அடிக்கக்கூட முடியாமல் ரவுட்டரை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போதெல்லாம் முதல் வேலை 'நோ லாகிங் கன்சோல்'. எஸ்எஸ்எச்சில் நேரலையாகப் பார்க்க 'டெர்மினல் மானிட்டர்'.

கேள்வி: ஊழியர்கள் பிசியை அணைக்கும்போதெல்லாம் ஒரு வரி. தாங்கவில்லை.

பதில்: அந்தப் போர்ட்டுகளில் மட்டும் 'நோ லாகிங் ஈவென்ட் லிங்க்-ஸ்டேட்டஸ்'. அப்லிங்க்கில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? 'கிளியர் லாகிங்' போட்டு பஃபரை அழிக்கலாமா?

பதில்: இந்தியாவில் செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரலில் விடுத்த உத்தரவு 180 நாள் என்கிறது. அது சர்வரில் பார்க்க வேண்டிய கணக்கு. ஸ்விட்ச்சில் 'கிளியர் லாகிங்' போடலாம், கடைசி வரி சர்வரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.