68 வயது அம்மா மயங்கி விழுந்து, இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமா?

போகவேண்டும், அன்றைக்கே. எழுந்து தேத்தண்ணி குடித்துவிட்டார் என்பதால் காரணம் போய்விடவில்லை. மலையில் கொழுந்து எடுப்பவர் என்றால் "வெயில், பசி" என்று லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) எல்லோரும் சொல்வார்கள்; இந்த வயதில் அது கடைசியாக யோசிக்கவேண்டிய விளக்கம்.

விழுந்த விதத்தைக் கேளுங்கள். வியர்வை, குமட்டல், கண் இருட்டு முதலில் வந்திருந்தால் ஆபத்து பெரும்பாலும் குறைவு. முன்னறிகுறியே இல்லாமல், உட்கார்ந்தோ படுத்தோ இருக்கும்போது, அல்லது ஏற்றம் ஏறும்போது விழுந்தால் இதயத்தைச் சந்தேகிக்கவேண்டும்: துடிப்பு சில நொடி நின்றிருக்கலாம், வால்வு சுருங்கியிருக்கலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கறுப்பு மலம் (மூட்டுவலிக் குளிசையால் வயிற்றில் இரத்தக் கசிவு), வாய் கோணல், இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை எடுப்பவருக்குத் தலையில் அடி, இவற்றில் ஒன்றிருந்தாலும் உடனே இலங்கையின் அம்புலன்ஸ் எண்ணான 1990க்கு அழையுங்கள்.

அதுவரை, மூச்சுத்திணறலோ தலையில் அடியோ இல்லையென்றால், படுக்கவைத்து கால்களை உயர்த்துங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மூச்சு இருந்தால் பக்கவாட்டில் திருப்புங்கள், இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். சீனி வருத்தக்காரருக்கு இரத்தத்தில் சீனி குறைந்திருக்கலாம்; விழித்திருந்தால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுக்கலாம்.

கிளினிக் கொப்பியோடு எல்லாக் குளிசைகளையும் கொண்டுபோங்கள். பிரஷர் குளிசையின் அளவு கூடிப்போவதும் அடிக்கடி காணும் காரணம். படுத்தபடியும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்: மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது கணக்கில் எடுக்கவேண்டியது. ஈசிஜி கட்டாயம். ஒருமுறை எடுத்தது சரியாக இருந்தாலும் வந்துபோகும் துடிப்புக் கோளாறு அதில் அகப்படாமல் போகலாம்; 24 மணிநேரப் பதிவு தேவையா என்று கேளுங்கள்.