ரோஜா காய்ந்ததற்குக் கைராசி காரணமில்லை

சென்னை மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் ஒரு முறைதான் செடிக்குத் தண்ணீர் ஊற்ற முடியும், அதுவும் வாளியில் வெள்ளையாகப் படியும் போர் தண்ணீர். மொட்டை மாடிக்காக ஒரே வருடத்தில் மூன்று முறை ரோஜா வாங்கினாராம். மூன்றும் ஒரு மாதத்துக்குள் காய்ந்துவிட்டன. "எனக்குக் கைராசி இல்லை என்கிறார் மாமியார். பூஜைக்குத் தினம் நாலு பூ கிடைத்தால் போதும். எந்தச் செடி வைக்கலாம்? காலையில் ஒரு தண்ணீர் போதுமா?" என்று கேட்கிறார்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அம்மா. காய்ந்த செடி இன்னும் தொட்டியில் இருந்தால் பிடுங்கிப் பாருங்கள். வேரைச் சுற்றிக் கல் மாதிரி ஒரு களிமண் உருண்டை இருக்கும். தூர ஊரிலிருந்து லாரியில் வரும் செடிக்கு ஈரம் போகாமலிருக்க அப்படிப் பொதிந்து கட்டுகிறார்கள். அதை அப்படியே தொட்டியில் இறக்கினால், நீங்கள் ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றிக்கொண்டு அடித்துளை வழியாக ஓடிவிடும். தொட்டி மண் நனைந்திருக்கும், உள்ளே வேர் தாகத்தில் செத்துக்கொண்டிருக்கும். வாங்கி வந்ததும் அந்த உருண்டையை ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவையுங்கள். வெளிக் களிமண்ணை விரலால் மெல்லக் கரைத்துவிட்டு, வேர் அறுபடாமல் நடுங்கள். விற்பவருக்கு இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் சொல்ல மாட்டார். செடி செத்தால்தானே அடுத்த மாதம் நீங்கள் திரும்பி வருவீர்கள்!

தெருவில் வண்டியில் வரும் செடிகளில் இன்னொரு மோசடியும் உண்டு. பூத்த கிளையை வெட்டிக் கறுப்பு கவர் மண்ணில் செருகி விற்கிறார்கள். தண்டின் அடியைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் வேரே இல்லை. நர்சரியிலும் நிறையப் பூவோடு நிற்கும் செடியை எடுக்காதீர்கள். பூ இல்லாமல், அடியிலிருந்து புதுத் துளிர் வருவதை எடுங்கள். பெயர் எழுதாத டானிக் பாட்டில், "ஸ்பெஷல் மண் கலவை" மூட்டை, மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு செத்த செடியை மாற்றித் தரும் "கார்டன் செட்டப்" ஆட்கள், மூன்றுமே உங்களுக்கு வேண்டாம். விதை விற்க உரிமம் கேட்கிறோம். நான் பார்த்த வரையில் சாலையோரத்தில் விற்கும் பூச்செடிக்குப் பெயர்ச்சீட்டு இல்லை, ரசீது இல்லை, கேட்பாரும் இல்லை. அரசு கொடுக்கும் மாடித்தோட்டத் தொகுப்பைப் பார்த்தாலோ கத்தரியும் வெண்டையும்தான் முக்கியம். தினமும் முழம் போட்டுப் பூ வாங்குகிற ஊர் இது. இங்கே பூச்செடியைப் பற்றிச் சொல்லித்தர யாருமில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆற்றாமை.

சரி, உங்களுக்கான செடிகள். முதலில் நந்தியாவட்டை. வெயில், மழை எதற்கும் அசராது, வருடம் முழுக்க வெள்ளைப் பூ கொடுக்கும். இரண்டாவது அரளி. உப்புத் தண்ணீரைத் தாங்குவதில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் இலை, பூ, தண்டு அத்தனையும் நஞ்சு. வாயில் வைக்கிற வயதில் குழந்தை இருந்தால் வைக்காதீர்கள். மூன்றாவது செம்பருத்தி. மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். போகாவிட்டால் ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். நித்தியகல்யாணியும் நன்றாக வரும், தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும்.

ரோஜா வேண்டாம். குளிர்ந்த ஊரில், நிழல் கூடாரத்தில் வளர்ந்த ஒட்டுச் செடிக்கு நம் மொட்டை மாடி ஓர் அடுப்பு. ஒரே ஒரு விதிவிலக்கு, பன்னீர் ரோஜா. குச்சி நட்டாலே வேர்பிடிக்கும். சொந்த வேரில் நிற்பதால் மேலே ஒட்டிய ரோஜா செத்து, கீழே வேர் கொடுத்த வேறு ரகத்தின் அடிக்கட்டை மட்டும் துளிர்க்கும் தொல்லை இல்லை. நம் வெயிலுக்குப் பழகியது. ஆனால் வெளிர் ரோஸ் நிறத்தில் எந்தச் செடி இருந்தாலும் பன்னீர் என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவார்கள். முகர்ந்து பாருங்கள், பன்னீர் ரோஜாவின் வாசனை தூக்கலாக இருக்கும். இதழ் மெலிதாக, தொட்டால் உதிர்வது போல இருக்கும். விறைப்பான இதழ், நீண்ட காம்பு, வாசனை இல்லை என்றால் அது வேறு. தண்டின் அடியில் முடிச்சு போல ஒட்டுத் தழும்பு இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தெரிந்தவர் வீட்டில் செடி இருந்தால் பென்சில் கனத்தில் ஒரு குச்சி கேட்டு வாங்குவதுதான் உத்தமம்.

காலையில் ஒரு தண்ணீர் போதுமா என்று கேட்டீர்கள். 12 அங்குலத் தொட்டியாவது இருந்தால் இந்தச் செடிகளுக்குப் போதும். சின்னத் தொட்டி வெயிலில் கொதித்துவிடும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய மாட்டெரு, ஒரு பங்கு மணல் கலந்துகொள்ளுங்கள். தேங்காய் நார்க்கழிவை நன்றாக அலசாமல் போட்டால், அதிலுள்ள உப்பும் உங்கள் போர் தண்ணீர் உப்பும் சேர்ந்துவிடும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்பு குறைந்த மெட்ரோ தண்ணீரை அடித்துளையில் தாராளமாக வடியும்வரை ஒருமுறை ஊற்றுங்கள். ஐப்பசி மழை வந்தால் அந்த வேலையை அதுவே செய்துவிடும். அப்போது தொட்டிக்கு அடியிலுள்ள தட்டுகளை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வேரும் அழுகும், கொசுவும் முட்டையிடும்.

கத்திரி வெயிலில் மட்டும் மாலையிலும் ஒரு தண்ணீர் வேண்டும். வீட்டில் மாமியார் இருக்கிறாரே, அவரையே ஊற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். புதுச்செடி எதையும் சித்திரை, வைகாசியில் வாங்காதீர்கள். ஆடி பிறந்து சாயங்கால மழை தொடங்கட்டும். முதலில் இரண்டு நந்தியாவட்டை மட்டும் வாங்கி வையுங்கள்.