அழ நேரமில்லாத பெண்கள்: கேள்வி பதில்

கல்லூரி மாணவி, ஈரோடு: அமெரிக்கக் கறுப்பினப் பெண்களை 'வலிமையானவர்கள்' என்பது பாராட்டுதானே?

பாராட்டுதான், வட்டி கேட்கிற பாராட்டு. செவிலியர் ஆய்வாளர் ஷெரில் வுட்ஸ்-கிஸ்கோம்பே அப்பெண்களிடமே பேசி, 2010இல் இதை 'சூப்பர்வுமன்' என்று வகுத்தார். அந்த 'சூப்பர்வுமன்' வலிமையைக் காட்டியே ஆக வேண்டும். உணர்ச்சியை விழுங்க வேண்டும். யார் தோளிலும் சாயக் கூடாது. வசதி இல்லாவிட்டாலும் ஜெயிக்க வேண்டும். தனக்கு முன் பிறரைக் கவனிக்க வேண்டும். இதனால்தான் குடும்பம் பிழைத்தது என்றும் அவர்கள் சொன்னார்கள். அதே வாயால் ஒற்றைத் தலைவலியையும் மனச்சோர்வையும் சொன்னார்கள். அதனால் இதை வெறும் மூடப் பழக்கம் என்று நான் ஒதுக்கமாட்டேன்.

ஆசிரியர், திருச்சி: இது எங்கே தொடங்கியது?

அடிமை முறையில். பெற்ற பிள்ளையை விற்ற மறுநாளும் பருத்திக் காட்டுக்குப் போக வேண்டியிருந்தவளுக்கு அழ ஏது நேரம்? 'இவர்களுக்கு வலி தெரியாது' என்ற கதை எஜமானர்களுக்கு வசதியாக இருந்தது. 1840களில் அலபாமாவில் ஜே. மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அனார்க்கா, பெட்சி, லூசி முதலிய அடிமைப் பெண்களுக்கு மயக்க மருந்தின்றித் திரும்பத் திரும்ப அறுவை செய்தார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்த அவர் சிலையை அகற்ற 2018 ஆயிற்று! கதை இன்னும் சாகவில்லை. கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்று நம்பும் மருத்துவ மாணவர்கள் இருப்பதை 2016இல் வர்ஜீனியாவில் நடந்த ஆய்வு காட்டியது. வலியைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்றால் எவள் சொல்வாள்?

வாசகர், மதுரை: இளையவர்கள் மாறவில்லையா?

மாறுகிறார்கள். 2021இல் டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா மனச்சோர்வைச் சொல்லி பிரெஞ்ச் ஓபனிலிருந்து விலகினார். சில வாரங்களில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணி இறுதிப் போட்டியின் நடுவில் விலகினார். உடனே வசவும் வந்தது.

மாணவி, அட்லாண்டா: என் அறைத்தோழி கறுப்பினப் பெண். நன்றாகப் படிக்கிறாள், சிரிக்கிறாள், ஆனால் இரவெல்லாம் தூங்குவதில்லை. என்ன சொல்வது?

'நீ பலசாலி, சமாளித்துவிடுவாய்' என்று மட்டும் சொல்லாதம்மா. சோர்வு எப்போதும் கண்ணீராக வராது. எரிச்சலாகவும், ஓயாத வேலையாகவும் வரும். சாப்பாடு எடுத்துவை, உட்கார்ந்து கேள். உளவியலாளர் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் 2014இல் தொடங்கிய 'தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்' தளத்தில் ஆலோசகர்களைத் தேடலாம், சேர்ந்து தேடுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அவளைத் தனியே விடாதே. அந்த நிமிடமே 988ஐ, அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை, அழை.