குளிர் வந்தால் முட்டி வலியும் வருகிறது: ஓடுவதை நிறுத்தட்டுமா?

கேள்வி: எனக்கு வயது 42. சில வருடங்களாக ஓடுகிறேன். வெயில் காலத்தில் பத்து கிலோமீட்டர் வரை எந்தத் தொல்லையும் இல்லை. குளிர் தொடங்கியதும் வலது முட்டிச் சில்லைச் சுற்றி வலிக்கிறது. இரண்டு வாரம் ஓய்வெடுத்தால் போய்விடுகிறது, மறுபடி ஓட ஆரம்பித்ததும் திரும்பி வருகிறது. மாடிப்படி இறங்கும்போதும், நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் வலி தெரிகிறது. வீக்கம் இல்லை. எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை என்றார்கள். குளிர்காலம் முழுக்க ஓட்டத்தை நிறுத்திவிடுவது நல்லதா?

பதில்: நிறுத்தாதீர்கள். பிசியோதெரபிஸ்டாகவும், குளிரிலும் ஓடுபவளாகவும் இதைச் சொல்கிறேன். குறைத்துக்கொள்ளுங்கள், போதும்.

படி இறங்கினால் வலி, உட்கார்ந்து எழுந்தால் வலி, சில்லைச் சுற்றி வலி, வீக்கம் கிடையாது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஓடுபவர்கள் ‘ரன்னர்ஸ் நீ’ என்று சொல்லும் வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முட்டிச் சில்லும் தொடை எலும்பும் சேரும் இடம், தன்னால் தாங்க முடிந்ததைவிடக் கூடுதலான சுமையைச் சுமக்கும்போது வருவது இது. வலி முட்டியின் வெளிப்பக்கமாக இருந்தாலோ, சில்லுக்குக் கீழே விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் இருந்தாலோ கதை வேறு. அதனால் ஒருமுறை நேரில் யாரிடமாவது காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, “இரண்டு வாரம் ஓய்வெடுத்தால் போய்விடுகிறது” என்பது. வலி போகிறது, சரி. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் தொடைத் தசையும் கொஞ்சம் பலம் இழக்கிறது. அப்புறம் நீங்கள் பழைய தூரத்துக்கே, பழைய வேகத்துக்கே திரும்புகிறீர்கள். முன்பைவிடப் பலம் குறைந்த காலுக்கு அதே சுமை. வலி வராமல் என்ன செய்யும்? என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படியே வருடக் கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது.

குளிர் முட்டியைக் கெடுப்பதில்லை, ஆனால் இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. குளிர்ந்த தசை மெதுவாகச் சுருங்கும், அதன் விசையும் குறையும். மூட்டுக்குள் இருக்கும் திரவம் கொஞ்சம் கெட்டிப்படும். ஷூவின் அடியில் உள்ள ஃபோம்கூடக் குளிரில் இறுகிவிடும், அதிர்ச்சியை வாங்கும் திறன் குறையும். இத்தனைக்கும் நடுவில், குளிருக்குப் பயந்து நாம் உடலைச் சூடேற்றாமல் கதவைத் திறந்ததும் ஓட்டம் பிடிக்கிறோம்.

ஆகவே வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் செலவழியுங்கள். நின்ற இடத்தில் நடை, காலை முன்னும் பின்னும் வீசுவது, பாதி அளவு ஸ்குவாட், குதிகாலைத் தூக்கி இறக்குவது. அசையாமல் நின்று தசையை இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்கை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். முட்டி மூடும்படி பேன்ட் போடுங்கள். ஷூவை இரவில் வெளியே வைக்காதீர்கள். ஓடத் தொடங்கி முதல் பத்து நிமிடம், பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். பனி உறைந்து வழுக்கும் நாளில் டிரெட்மில்லில் ஓடுவதில் ஒரு குறைவும் இல்லை. சரிவில் இறங்கி ஓடுவதை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள், சில்லின் மேல் அழுத்தம் ஏறுவது அங்கேதான்.

இன்னொன்று, ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 160 என்றால், அதே வேகத்தில் 168 ஆக்குங்கள். அடி தானாகச் சிறிதாகும், பாதம் உடலுக்கு அருகிலேயே விழும், முட்டியின் சுமை குறையும். செலவில்லாத மாற்றம், பலருக்கு நன்றாகவே உதவுகிறது.

தூரத்தைப் பாதியாக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுங்கள். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று நீங்களே மதிப்பெண் போடுங்கள். மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலை பழையபடி இருந்தால் தொடரலாம். நான்கு ஐந்தைத் தொட்டாலோ, மறுநாள் படி இறங்கும்போது கூடுதலாக வலித்தாலோ அடுத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்வதே அந்த வலிதான், அதை அமுக்கிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பலப்படுத்தும் பயிற்சி. வாரம் மூன்று நாள் போதும். சுவரில் முதுகைச் சாய்த்து, வலிக்காத உயரத்தில் நாற்காலிபோல் 45 விநாடி நில்லுங்கள், இப்படி ஐந்து முறை. ஒற்றைப் படியின் மேல் ஒரு காலில் நின்று, மற்றக் காலை மெதுவாகத் தரை தொடும்வரை இறக்குங்கள், முட்டி உள்பக்கம் சாயாமல் கவனியுங்கள். ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்கி இறக்குங்கள். இது இடுப்புப் பக்கத் தசைக்கு, இதை விட்டுவிடாதீர்கள். தொடையும் இடுப்பும் சேர்ந்து பலப்பட்டால்தான் சில்லுக்கு நிம்மதி. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் வலி குறைந்ததும் பயிற்சியைக் கைவிடுகிறவர்கள்தான் அதிகம், தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

கேள்வி: ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: உடல்நலத்துக்காக ஓடுபவர்கள் விஷயத்தில் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களிடம் 3.5 சதவீதமும், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் 10.2 சதவீதமும் இருந்தது. போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடம் மட்டும் 13.3 சதவீதம். ஓட்டம்தான் தேய்மானத்தைத் தடுத்தது என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் பயந்து நிறுத்தத் தேவையில்லை என்று வீட்டில் தைரியமாகச் சொல்லலாம்.

கேள்வி: நீ-கேப் (முட்டியில் மாட்டிக்கொள்ளும் உறை) போட்டுக்கொண்டு ஓடலாமா?

பதில்: போடலாம். கதகதப்பாக இருக்கும், சிலருக்கு வலி கொஞ்சம் மட்டுப்படும். அது தசைக்குப் பலம் தராது என்பதால் மேலே சொன்ன பயிற்சிகளுக்கு மாற்றாக நினைக்காதீர்கள். முட்டி வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் திடீரென மடங்கினாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, ஓட்டம், நீ-கேப் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.