பல் டாக்டர் சீட்டா, இங்கிலீஷ் மேஜரா?

எடிசன்ல (நியூ ஜெர்சி) இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பொண்ணு ஹைஸ்கூல் கடைசி வருஷம், மார்க் நல்லா இருக்கு, சொந்தக்காரங்க அத்தனை பேரும் டென்டல் ப்ரோக்ராம்ல போடுங்கன்னு நச்சரிக்கிறாங்க, அவளோ அமெரிக்கன் நேச்சுரலிசம்ங்கிற நாவல் வகையில ஃப்ராங்க் நாரிஸ், ஸ்டீஃபன் க்ரேன், ட்ரைசர்னு படிச்சுக்கிட்டு, காலேஜ்ல இங்கிலீஷ் மேஜர் (முக்கியப் பாடம்)தான்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. "எல்லாம் சீரழிஞ்சு போறவங்க கதை, புள்ள மனசு கெட்டுடுமோ"ன்னு பயப்படுறாங்க.

மேடம், ஒன்னும் ஆகாதுன்னு சொல்லிட்டு போயிடலாம், ஆனா நீங்க பயப்பட வேண்டியது வேற விஷயத்துக்கு. டென்டல் ஸ்கூல் முடிச்சு வெளிய வரும்போது 3 லட்சம் டாலர் பக்கம் கடன் நிக்கிறது இங்க சர்வசாதாரணம். அதை உங்க பொண்ணுதான் கட்டணும், நாத்தனார் கட்ட மாட்டாங்க.

பரம்பரை, சூழ்நிலை, பணம், குருட்டு அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்து ஒரு மனுஷனை எப்படி இழுத்துட்டு போகுதுன்னு பிரான்ஸ்ல ஸோலாங்கிற நாவலாசிரியர் எழுதினதை 1890கள்ல இங்க சிலபேர் கையில எடுத்தாங்க, அவ படிக்கிறது அதுதான். நாரிஸோட 'மெக்டீக்' (1899) நாவல் ஹீரோவே பல் டாக்டர்தான் மேடம்! ஊர் ஊரா சுத்துன ஒரு போலி டாக்டர்கிட்ட தொழில் கத்துக்கிட்டு சான் பிரான்சிஸ்கோ போல்க் ஸ்ட்ரீட்ல உக்காந்தவன், தங்கமுலாம் பூசின பெரிய கடைவாய்ப்பல் ஒன்னு ஜன்னலுக்கு வெளிய தொங்கணும்ங்கிறது அவன் கனவு, அப்புறம் டிப்ளமோ இல்லன்னு சிட்டி ஹால்ல இருந்து லெட்டர் வருது, பொழப்பு போச்சு. அந்தத் தங்கப் பல்லைப் பத்தி அவ ஸ்கூல்ல பெரிய கட்டுரை எழுதினான்னு நீங்களே சொல்றீங்க. பல்லு மேல அவளுக்கு இருக்கிற ஆர்வம் அவ்ளோதான்.

க்ரேன் உங்க பக்கத்து ஊர், 1871ல நியூவார்க்ல பொறந்தவர். மைனிங் இன்ஜினியரிங்னு லாஃபயெட் காலேஜ்ல சேர்ந்து ஒரு செமஸ்டர்தான் தாங்குச்சு. (28 வயசுல காசநோய்ல போயிட்டார், அதனால படிப்பை விட்டுட்டு எழுதறேன்னு அவ சொன்னா நான் உங்க பக்கம்.)

இங்கிலீஷ் படிச்சா என்ன வேலைன்னு கேப்பீங்க. டீச்சர் வேலை, லா ஸ்கூல் உங்களுக்கே தெரியும், விடுங்க. யாரும் சொல்லாதது ஆர்க்கைவிஸ்ட் வேலை, அதாவது பழைய கையெழுத்துப் பிரதி, லெட்டர் எல்லாம் பாதுகாக்கிற வேலை. ட்ரைசரோட 'சிஸ்டர் கேரி' நாவல் 1900ல வந்தப்ப நிறைய வெட்டுப்பட்டுத்தான் வந்துச்சு, பதிப்பாளரே அரைமனசா போட்டதால 500 காப்பி கூட விக்கல. கையெழுத்துப் பிரதி பத்திரமா நியூயார்க் பப்ளிக் லைப்ரரியில இருந்ததாலதான் 1981ல பென்சில்வேனியா யூனிவர்சிட்டி ஆளுங்க வெட்டினதையெல்லாம் திரும்ப சேர்த்து போட முடிஞ்சுது, முடிவே மாறிடுச்சு. அந்தப் பேப்பரை எல்லாம் காப்பாத்தி வைக்கிறது யாரு? துருப்பிடிச்ச க்ளிப்பை எடுத்துட்டு, ஆசிட் இல்லாத ஃபோல்டர்ல போட்டு, எந்தப் பெட்டியில யாரோட லெட்டர் இருக்குன்னு பட்டியல் எழுதி, ஈமெயிலும் ஹார்ட் டிஸ்க்கும் வந்தா அதையும் பாதுகாத்து, தேடி வர்றவங்களுக்கு எடுத்துக் குடுக்கிறவங்க. ட்ரைசர் பேப்பர்ஸ் ஃபிலடெல்ஃபியாவுல அதே பென்சில்வேனியா யூனிவர்சிட்டியில (சுருக்கமா பென்), க்ரேனோடது நியூயார்க் கொலம்பியா யூனிவர்சிட்டியில, ரெண்டும் உங்க வீட்டுல இருந்து ட்ரெய்ன் தூரம்.

என் யோசனை: உங்க ஸ்டேட் யூனிவர்சிட்டி ரட்கர்ஸ்ல, உள்ளூர்க்காரங்களுக்கான குறைஞ்ச இன்-ஸ்டேட் ஃபீஸ்ல இங்கிலீஷ், அங்கயே மாஸ்டர் ஆஃப் இன்ஃபர்மேஷன். சேர்ந்ததும் அலெக்சாண்டர் லைப்ரரி ஸ்பெஷல் கலெக்ஷன்ஸ்ல ஸ்டூடண்ட் வேலை கேக்கட்டும், இந்த ஃபீல்டுல டிகிரியை விட கைப்பழக்கத்தைத்தான் முதல்ல கேப்பாங்க. சம்பளம் 60 ஆயிரம் டாலரைச் சுத்தி, வேலையும் கொஞ்சம்தான், போட்டி உண்டு, மறைக்கல. ஆனா கடன் இல்லாம 60 ஆயிரம் வேற, 3 லட்சம் கடனோட வேற.

ஒரு விஷயத்துல நான் இறங்கி வர மாட்டேன்: பேர் பெத்த ப்ரைவேட் காலேஜ்ல முழு ஃபீஸ் கட்டி இங்கிலீஷ் படிக்கவே கூடாது, ஸ்டைபெண்ட் (உதவித்தொகை) குடுக்காத பிஎச்டியும் வேணாம், அவ அழுதாலும் சரி. மாஸ்டர்ஸுக்கு முன்னாடி ஒரு சம்மராவது ஆர்க்கைவ்ல வேலை செஞ்சிருக்கணும், தூசியும் பெட்டியும் பிடிக்கலைன்னா அப்பவே மாத்திக்கலாம்.

பென்னோட ரீடிங் ரூமுக்கு அவளையே ஒரு மெயில் போடச் சொல்லுங்க, ஸ்கூல் பசங்க வந்து பாக்க முடியுமான்னு. காலேஜ் செலவுக்கு அரசாங்க உதவி கேக்கிற ஃபாஃப்ஸா ஃபார்மை இந்த வாரமே போட்டுடுங்க, சொந்தக்காரங்ககிட்ட பேசறதெல்லாம் அப்புறம்.