பைன் விதையும் பதராகுமா? – கேள்வி பதில்

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, கொடைக்கானல்ல பொறுக்குன பைன் விதை அம்பது போட்டேன். மூணுதான் முளைச்சுது. நம்ம ஊரு வெயிலா?

வெயிலைத் திட்டும்முன் மிச்ச விதையில் நாலைந்தை நெடுக்கே வெட்டிப் பாருங்கள். வெள்ளைப் பருப்பும் நடுவில் குச்சிபோல் கருவும் இருந்தால் நல்ல விதை. வெறும் ஓடென்றால் பதர். பிசான நெல்லைச் சுளகில் புடைக்கும்போது பறக்குமே, அதே கதை.

சேரன்மகாதேவி: கரு இல்லாம ஓடு மட்டும் எப்படி முழுசா வளருது?

கேட்டீர்களே, இதுதான் விஷயம். நெல்லில் கருவுற்ற பிறகே மாவு கட்டும். பைனில் மகரந்தம் வந்து சேர்ந்தபின் கருவுறவே ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அதற்குள் கருவுக்கான உணவுத் திசுவைத் தாய்மரம் உண்டாக்கிவிடும், ஓடும் வளர்ந்துவிடும். பிறகு கரு செத்தால் உள்ளே சுருங்கிப்போகும், ஓடு நிற்கும். மகரந்தமே வராத சூலோ (விதையாக மாறவேண்டிய உறுப்பு) முதல் வருஷத்திலேயே கருகிவிடும்; அது பதராகக்கூடத் தேறாது.

கரு ஏன் சாகிறது? பெரும்பாலும் அதே மரத்தின் சொந்த மகரந்தம்தான் காரணம். எந்த மரத்திலும் சில கெட்ட மரபணுக்கள் ஒளிந்திருக்கும். தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அதே கெட்ட மரபணு வந்து சேர்ந்தால் கரு தாங்காது. அத்தை மகளைக் கட்டுவதெல்லாம் இதோடு ஒப்பிட்டால் தூரத்து உறவு. இது தன்னையே கட்டிக்கொள்வது! தோப்பை விட்டுத் தனியே நிற்கும் மரத்தில் பொறுக்கினால் பதர் கூடுதலாக இருக்கும்.

பாளையங்கோட்டை: ஒரு விதைக்குள்ள பல கரு இருக்குமாமே?

உண்மை. ஒரு சூலுக்குள் முட்டைகள் பல. பைனில் கருவுற்ற ஒவ்வொன்றும் நாலாகப் பிரியும். கடைசியில் ஒன்றுதான் தேறும். ஒன்று செத்தால் இன்னொன்று அந்த இடத்தைப் பிடிக்கும். இத்தனை மாற்று ஆள் இருந்தும் பதர் விழுகிறது என்றால் பாருங்கள்.

வள்ளியூர்: சவுக்கு இந்த இனந்தானே?

இல்லை, அது பூக்கும் மரம். காயும் ஊசியும் ஏமாற்றும்.

கல்லிடைக்குறிச்சி: நம்ம மலையில இந்த இனத்துல ஒண்ணும் கிடையாதா?

உண்டு. அகத்தியமலைக் காட்டில் நாகெயா வாலிச்சியானா. தென்னிந்தியாவில் தானாக வளரும் ஒரே ஊசியிலைக் குடும்பத்து மரம். வேடிக்கை, இலை அகலமானது! பனை மாதிரி ஆண் வேறு, பெண் வேறு. சொந்த மகரந்தத் தொல்லையே கிடையாது. ஆனால் பக்கத்தில் ஆண் மரம் இல்லையென்றால் பெண் மரம் பாடு திண்டாட்டம். புலிகள் காப்பகம் அது, விதை பொறுக்கப் போய்விடாதீர்கள்.

அம்பாசமுத்திரம், மறுபடியும்: விதையைத் தண்ணியில போட்டுப் பார்த்தா போதாதா?

நெல்லுக்குச் சரி. பைனில் நல்ல விதையும் சிலசமயம் மிதக்கும். கத்திதான் பொய் சொல்லாது. முளைத்த மூன்றையும் வெட்டிப் பார்க்காதீர்கள், அண்ணாச்சி.